கீறல் விழாத பின்கதவு

என் மைத்துனன் பிரகலாதனைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லச் சொன்னால், பிக்கப்பை நன்றாக வைத்திருக்கிறான் என்று சொல்வேன். அதற்கு மேல் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். கரவெட்டியில் வெங்காயம் ஏற்றுவதற்கென்று வாகனம் வாங்கி, வெங்காயச் சாக்கை நாலு பேரைப் பிடித்துப் பூப்போல இறக்குவிக்கிறவன் அவன் ஒருவன்தான். சாக்கை இழுத்தால் ஏசுவான். பின்கதவில் யாராவது சாய்ந்தால், கீறிவிடுகிற மாதிரி இடுப்பில் திறப்புக் கிறப்பு, சாவி ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பான். கதவின் விளிம்பு முழுக்கப் பழைய ரியூப்பை வெட்டி ஒட்டியிருந்தான். பிக்கப்பின் பின்பெட்டிக்குள் மெத்தென்று ஏதோ இருப்பது ஏறி நின்றவர்களுக்குத் தெரியும். என்னவென்று யாரும் பார்த்ததில்லை. மேலே பச்சைத் தார்ப்பாய்ப் படங்கை விரித்து நாலு மூலையிலும் இழுத்துக் கட்டியிருப்பான்.

அவன் என் மனைவி உதயகலாவின் ஒரே தம்பி. எங்கள் வளவு அவளுடைய சீதனக் காணி. அவனுடையதும் எங்களுடையதும் ஒரு வேலியால்தான் பிரிந்தவை.

இரண்டு வருடங்களுக்கு முன் உதயகலாவுக்கு முதுகெலும்பில் புற்றுநோய். எழுந்து இருக்க முடியாது, படுக்கைதான். பிள்ளையார் கோயில் தீர்த்தத்துக்கு முதல் நாள் அவள் என்னிடம் ஒன்று கேட்டாள். சாமி கடலில் தீர்த்தமாடுவதைக் கடைசியாக ஒருமுறை பார்க்க வேண்டும். ஓட்டோவில் அவளால் இருக்க முடியாது. திருவிழாப் பார்க்க அம்புலன்ஸைக் கூப்பிட முடியுமா? "தம்பியின்ரை பிக்கப் நிக்குதெல்லே" என்றாள். போய்க் கேட்டேன்.

"கட்டில் கால் கீறும் அத்தான்."

"கட்டில் வேண்டாமடா. மெத்தையை மட்டும் விரிச்சுக் கிடத்துவம்."

"ஏத்தி இறக்கேக்கை ஆக்கள் பின்கதவிலை மிதிப்பினம். போன கிழமைதான் பொலிஷ் போட்டனான்."

தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே சொன்னான். நான் வீட்டுக்கு வந்து, வாகனம் பழுதாம் என்று அவளிடம் பொய் சொன்னேன். "ஐயோ பாவம், எவ்வளவு ஆசையா வைச்சிருந்தவன்" என்று அவனுக்காக வருத்தப்பட்டாள். அந்தப் பொய்யைச் சொன்னதற்கு இன்றைக்கும் என்னை நானே ஏசுகிறேன். அதிலிருந்து மூன்றாம் வாரம் அவள் போய்விட்டாள்.

அவள் கிடந்த மெத்தை, படுக்கைப் புண் வராமலிருக்க யாழ்ப்பாணத்தில் வாங்கியது. தடித்த ஸ்பொஞ், நீல றெக்சின் உறை. ஒருநாள் மெழுகுதிரி விழுந்து கருகிய இடத்தில், சைக்கிள் ரியூப் ஒட்டுகிற பசையால் சிவப்பு றெக்சின் துண்டொன்றை நான்தான் ஒட்டினேன். செத்தவரின் படுக்கையை எரித்துவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். எனக்குக் கை வரவில்லை. சுருட்டி மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் வைத்தேன். எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவுக்கு முதல் நாள் பார்த்தால் காணவில்லை. யாரோ ஒரு நல்ல மனிதன் என் வேலையைத் தான் செய்துவிட்டான் என்று நினைத்தேன். எரித்தாயா என்று கேட்ட பெரியவர்களிடம் ஓம் என்று சொல்லிவிட்டேன்.

போன வருடம் அவளுடைய முதலாம் வருட ஆட்டைத் திவசம் முடியாததால் கோயில் படி மிதிக்கவில்லை. இந்த வருடம் போனேன்.

வழக்கமாகச் சாமி கடலுக்குப் போவது சுதாகரனின் உழவு ரக்ரரில். இம்முறை பிரகலாதன் கோயில் தலைவர் தியாகலிங்கத்தாரின் வீட்டுப் படலைக்கு நாலைந்து தரம் நடந்து, தன் பிக்கப்பில்தான் சாமி போக வேண்டும் என்று கேட்டு வாங்கிவிட்டான். வெள்ளிக்கிழமைகளில்கூடக் கோயில் பக்கம் வராதவனுக்கு ஊருக்கு முன்னால் அந்தப் பெருமை தேவைப்பட்டது. பட்டு வேட்டியும் சால்வையுமாக வாகனத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். சாமிக்குப் போடுகிற பலகை மேடை மட்டும் கீறாதோ என்று நான் மனதுக்குள் கேட்டுக்கொண்டேன்.

மேடையை ஏற்றப் போகிற நேரம், தியாகலிங்கத்தார் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"உந்த ஊத்தைப் படங்குக்கு மேலையோ சாமியை வைக்கிறது? கழட்டுங்கோ."

"வேண்டாம் ஐயா, மேலை வெள்ளை விரிப்பம்" என்று பிரகலாதன் ஓடிவந்தான். அதற்குள் கயிற்றை அவிழ்த்துப் படங்கை உருவிவிட்டார்கள்.

நீல றெக்சின். பெட்டியின் அளவுக்குச் சரியாக வெட்டியிருந்தான். பின்கதவுப் பக்கமாகச் சிவப்புத் துண்டு. என் கைவேலை.

உயிரோடு அவளை ஏற்றாத பெட்டியில், அவள் உயிர் விட்ட மெத்தை கீறல் விழாமல் காவல் கிடக்கிறது. ஒரு சொல் சொன்னால் போதும், சாமி அதில் ஏறாது. ஆனால் அந்தச் சொல்லைச் சொன்னால், எரித்தேன் என்று நான் சொன்ன பொய்யும் ஊருக்கு முன்னால் வந்துவிடும். நாதஸ்வரம் கிட்டக் கேட்டது. சாமியைத் தோளில் தூக்கியவர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

நான் திறந்திருந்த பின்கதவில் கையை ஊன்றி ஏறினேன். ஏறி, மெத்தையில் நீட்டி நிமிர்ந்து படுத்தேன்.

"அத்தான்! என்ன விசர் வேலை இது? இறங்குங்கோ!"

"எடடா வாகனத்தை. கடற்கரைக்கு விடு. உன்ரை அக்கா ரெண்டு வருசம் பிந்தித்தான் போறா, பரவாயில்லை."

தியாகலிங்கத்தார் கதவடிக்கு வந்தார். "என்ன சொல்லுறாய்?"

"இது உதயகலா செத்த மெத்தை. எரிச்சனெண்டு உங்களுக்குச் சொன்னது பொய். அது என்ரை பிழை. களவெடுத்து வெட்டி இதுக்குள்ளை விரிச்சது உவன்ரை வேலை."

சனம் ஓரடி பின்னால் போனது. ஐயர் கையைக் காட்டிச் சாமியை வாசலிலேயே நிறுத்தினார்.

பிரகலாதன் சால்வையால் முகத்தைத் துடைத்தான். குரலை உடைத்துக்கொண்டு, "அக்காவின்ரை ஞாபகமா வைச்சிருந்தனான். எறிய மனம் வரேல்லை" என்றான். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை! ஆனால் கூட்டத்தில் அது எடுபட்டது. "கூடப் பிறந்த பாசமெல்லே, பாவம்" என்றாள் பக்கத்து வீட்டு நல்லம்மா. இரண்டு மூன்று தலைகள் ஆடின. இனி நான்தான் திருவிழாவைக் குழப்பிய விசரன்.

அந்தத் துணிவில் அவன் என் காலைப் பிடித்து இழுத்தான். நான் மெத்தையைப் பிடித்தேன். அவன் விடவில்லை. அடியிலிருந்த மெத்தை நழுவிப் போக, பின்கதவுக்கு மேலால் வழுக்கி வந்தேன். என் இடுப்பில் வீட்டுத் திறப்புக் கோர்வை. கதவின் இந்தத் தலைப்பிலிருந்து அந்தத் தலைப்பு வரை கிறீச்சென்று ஒரு சத்தம்.

என் காலை விட்டுவிட்டான். நான் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகத் தொங்கினேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து, விரலில் எச்சில் தொட்டுக் கீறலைத் தேய்த்தான். பிறகு சால்வை நுனியால் தேய்த்தான். மெத்தை நிலத்தில் விழுந்து கிடந்தது. அதற்கு மேலேயே முழங்காலை ஊன்றி, ஒரு கண்ணை மூடி, ஆழமா மேலோட்டமா என்று பார்த்தான். தவில்காரன்கூட அடிக்கவில்லை.

"அட நாசமாப் போவானே" என்றாள் நல்லம்மா.

தியாகலிங்கத்தார் திரும்பிக் கூப்பிட்டார். "சுதாகரன், ரக்ரரைக் கொண்டுவா."

சாமி ரக்ரரில் கடலுக்குப் போனது. நான் போகவில்லை. செத்தவளின் படுக்கையைத் தோளில் வைத்துக்கொண்டு எப்படிப் போவது? ஒழுங்கையால் வீட்டுக்கு வந்து, மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினேன். சிவப்புத் துண்டு சுருங்கியபோது வாய்விட்டு அழுதேன். கடலைக் காட்டாமல் அனுப்பிவிட்டேனே என்று சொல்லிச் சொல்லி அழுதேன்.

காற்று என் பக்கம்தான் நின்றது. கறுத்த புகை வேலியைத் தாண்டி அவன் முற்றத்துக்குள் இறங்கியது. வேலிப் பொட்டு ஓட்டைக்குள்ளால் பார்த்தேன். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பின்கதவுக்கு முன்னால் குந்தியிருந்து பொலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். என்ன எரிகிறது என்று அவனுக்குத் தெரியும். இரண்டு தரம் இருமினான். நிமிரவில்லை.