வசனக் குழி

வெராக்ரூஸ் நாடகக் கொட்டகையின் தச்சன் செவேரோ, அம்பாரோவுக்கு நாற்பது பெசோ பாக்கி வைத்திருந்தான். மேடையின் முன்விளிம்பில் இருக்கும் குழிக்குள் உட்கார்ந்து, நடிகர்கள் மறந்துபோகும் வசனத்தை எடுத்துக் கொடுப்பவள் அவள். திரை ஏறுமுன் தினமும் குழியிலிருந்து குரல் வரும்.

"என்னய்யா, என் காசு எங்க? எல்லாரோட வசனமும் எனக்கு ஞாபகம் இருக்கு, உனக்கு இது ஒண்ணு ஞாபகம் இல்லையா?"

கொடுத்துவிட்டால் கேட்க மாட்டாளே என்றுதான் அவன் கொடுக்கவில்லை.

போன மாதம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள்.

"இனிமே நடுவுலதான் மேடை, நாலு பக்கமும் ஜனம் உக்காரும். அந்தக் குழிய மூடிடுப்பா," என்றார் மேஸ்திரி எலாதியோ.

செவேரோ நாற்பது பெசோவைக் குழிக்குள் இருந்த அவள் நாற்காலியில் வைத்தான். சொல்ல நினைத்தது வாயில் வரவில்லை. எடுத்துக் கொடுக்க ஆளில்லை. பலகையை வைத்து ஆணி அடித்தான்.