என் நாத்தனார் சுத்த விட்ட கோடு

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். எனக்குக் கண் தெரியாது, பிறந்ததுலேர்ந்தே. அதுக்காக யாரும் உச்சுக் கொட்ட வேண்டாம். எனக்கு அது பிடிக்காது, பிடிக்காததை மனசுக்குள்ள வச்சுக்கிற ஆளும் நான் இல்ல. திரையில வர்றதை எல்லாம் படிச்சுக் காட்டுற ஒரு குரல் என் கம்ப்யூட்டர்ல இருக்கு. நீங்க கண்ணால படிக்கிறதை நான் காதால கேக்கறேன், அதுவும் உங்களை விட வேகமா. புதுசா கேக்கிறவங்க, "என்னங்க, வண்டு கத்துற மாதிரி இருக்கு"ம்பாங்க. அந்த வண்டுதான் எனக்குச் சோறு போடுது.

வேலை ஒரு நெட்வொர்க் கம்பெனியோட கண்ட்ரோல் ரூம்ல. ஆபீஸ், கிடங்கு, ஆஸ்பத்திரி, லேப்னு எல்லாருக்கும் நாங்கதான் லைன் கொடுக்கிறோம். லைன் அறுந்தா எங்க அறுந்துதுன்னு கண்டுபிடிச்சு ஆளை அனுப்பணும். அதுக்கு நாங்க நம்பறது ஒரு சின்ன கருவியை. கருப்புத் திரையில ஒரு வரி டைப் பண்ணினா போதும். இங்கேர்ந்து கிளம்பின தகவல் எந்தெந்த நிறுத்தம் வழியா போகுதுன்னு ஒண்ணொண்ணா சொல்லும், பதில் வராத இடத்தையும் சொல்லும். அதை நாங்க ட்ரேஸ்னு கூப்பிடுவோம். சிங்கிற கம்ப்யூட்டர் மொழியில யாரோ எந்தக் காலத்துலயோ எழுதினது. அழகும் கிடையாது, அலட்டலும் கிடையாது, நிறுத்தத்துக்கு ஒரு வரி, அவ்ளோதான். எனக்கு அதுமேல ஒரு தனிப் பாசம்.

அங்க என் வேலை இன்னும் தற்காலிகம்தான். பயிற்சிக் காலம் முடியறப்போ ஒரு பரிட்சை வைப்பாங்க. சூப்பர்வைசர் கீழ்த்தளத்துக்குப் போய் ஏதாவது ஒரு லைனைப் பிடுங்கிடுவார், எதுன்னு நான் மேல உட்கார்ந்து சொல்லணும். சரியா சொன்னா தனி ஷிப்ட், நிரந்தர வேலை. இல்லன்னா பழையபடி டெலிபோன் எடுக்கிற சீட். "வணக்கம், கொஞ்சம் காத்திருங்க"ன்னு வருஷக்கணக்கா சொல்லி நாக்கு தேஞ்சவ நான். மறுபடி அந்த சீட்டா?

சூப்பர்வைசருக்கு நாங்க வச்ச பேரு சைரன். மெதுவா பேசவே தெரியாத மனுஷன். ஆனா என்கிட்ட பேசறப்போ மட்டும் குரலைக் குறைச்சு, கொஞ்சம் சர்க்கரையும் கலந்துடுவார். நல்லவர்தான். அந்தச் சர்க்கரைதான் எனக்கு ஆகாது.

இப்போ நாத்தனாருக்கு வருவோம். என் வீட்டுக்காரரோட தங்கச்சி, வேலைக்காக எங்க வீட்டு முன் ரூம்ல தங்கியிருக்கா. கெட்டிக்காரி, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா கை சும்மா இருக்காது, எதைப் பார்த்தாலும் மேம்படுத்தணும். வந்த முதல் வாரமே என் சமையலறையை மேம்படுத்திட்டா. உப்பு டப்பா இருந்த இடத்துல கையை விட்டா சோப்புத்தூள் வருது!

"எல்லாத்தையும் உயர வாரியா அடுக்கிட்டேன் அண்ணி, இப்போ பார்க்கவே எவ்ளோ நல்லா இருக்கு தெரியுமா?"ன்னா.

யாரு பார்க்க? நான் வாயைத் திறக்கறதுக்குள்ள என் வீட்டுக்காரர் ஓடி வந்து டப்பாவை எல்லாம் பழைய இடத்துல வச்சுட்டு, செருப்பை மாட்டிக்கிட்டு வெளியே போயிட்டார். அன்னையிலேர்ந்து எனக்கும் அவளுக்கும் பேச்சு அளந்துதான்.

அந்த மகராசிதான் ஓய்வு நேரத்துல ட்ரேஸ் கருவியைப் பராமரிக்கிறவ. சம்பளம் கிடையாது. யார் வேணா திருத்தம் எழுதி அனுப்பலாம், சேர்க்கறதா வேண்டாமான்னு முடிவு பண்றவங்க மட்டும் ஒருத்தர் வேணும். முன்னாடி பார்த்துக்கிட்டவர் ஒதுங்கிட்டார், சாவி இவ கைக்கு வந்துச்சு. சாவி வந்தா விடுவாளா?

ஒரு காலையில ஆபீஸ்ல ட்ரேஸை ஓட்டினேன். எல்லா மெஷின்லயும் புது வெர்ஷன் வந்திருந்தது எனக்குத் தெரியாது. ஹெட்போன்ல வண்டு ஆரம்பிச்சுது: "பார் ஸ்லாஷ் டேஷ் பேக்ஸ்லாஷ் பார் ஸ்லாஷ் டேஷ் பேக்ஸ்லாஷ்..." முதல்ல மெஷினுக்குப் பேய் பிடிச்சிருச்சுன்னே நினைச்சேன். நிறுத்தத்தோட பேரு நடுவுல எங்கேயோ முக்கிக்கிட்டு வருது, அதுக்குள்ள மறுபடி பார் ஸ்லாஷ் டேஷ். பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "அட, கோடு சுத்துதுங்க! கலர் எல்லாம் போட்டிருக்காங்க. சூப்பரா இருக்கு"ன்னார்.

அப்புறம் விளக்கினார். பதிலுக்குக் காத்திருக்கிற நேரத்துல, ஒரே இடத்துல நேர்க்கோடு, சாய்கோடு, படுக்கைக் கோடுன்னு மாத்தி மாத்தி எழுதினா கண்ணுக்குச் சுத்துற மாதிரி தெரியுமாம். கண்ணுக்கு! காது என்ன பாவம் பண்ணிச்சு?

சாயங்காலம் வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் நேரா முன் ரூமுக்குப் போனேன்.

"உன் கோட்டை நிறுத்து"ன்னேன்.

"எந்தக் கோட்டை அண்ணி?"

"சுத்துற கோட்டை."

"ஐயோ, அதுக்கு எவ்ளோ பாராட்டு வந்திருக்கு தெரியுமா? நான் பொறுப்பு எடுத்தப்புறம் பண்ணின முதல் பெரிய வேலை அது."

"பாராட்டை ஃபிரேம் போட்டு மாட்டிக்கோ. எனக்கு இந்த மாசக் கடைசியில பரிட்சை. இப்படிக் கத்தினா நான் ஒரு லைனைக் கூட கண்டுபிடிக்க முடியாது."

அவ கீபோர்டைத் தள்ளி வைக்கிற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் வாத்தியாரம்மா குரல்ல சொன்னா: "பைப் பண்ணிக்கோங்க அண்ணி. அதோட வெளியீட்டை இன்னொரு புரோகிராமுக்கு அனுப்பினா கோடு தானா நின்னுடும். அதை எல்லாம் யோசிச்சுதான் எழுதியிருக்கேன்."

மறுநாள் அப்படியே பண்ணினேன். கோடு நின்னுச்சு, கூடவே எல்லாமே நின்னுச்சு. மயான அமைதி. ரொம்ப நேரம் கழிச்சு எல்லா நிறுத்தமும் மொத்தமா மடமடன்னு கொட்டிச்சு. சி மொழிக்கு அப்படி ஒரு குணம். நேரா திரைக்கு எழுதறப்போ வரிக்கு வரி அனுப்பும், பைப்புக்குள்ள எழுதறப்போ மூட்டை நிறையட்டும்னு சேர்த்து வச்சுக்கும். நல்லா இருக்கிற லைன்னா பரவாயில்ல. அறுந்த லைன்ல ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் பதில் வருமா வருமான்னு காத்திருந்துட்டு, கடைசியில சொல்லும். அதுக்குள்ள கஸ்டமரே ஆளை வச்சு லைனைச் சரி பண்ணிடுவான்.

இதையும் போய்ச் சொன்னேன். அவ நாற்காலியை என் பக்கம் திருப்பற சத்தம் கேட்டுச்சு.

"ஒருத்தருக்காக நான் எல்லாருக்கும் மாத்த முடியாது அண்ணி. ஆனா தனி ஆப்ஷனா கொடுக்கலாம். நீங்களே எழுதி அனுப்புங்க, நான் பார்க்கறேன். வீட்டு ஆள்னு சலுகை எல்லாம் கிடையாது."

"சலுகையை யாருடி கேட்டா?"ன்னு கதவை இழுத்துச் சாத்திட்டு வந்துட்டேன். எனக்கும் சி தெரியும். டெலிபோன் சீட்ல போன் வராத நேரத்துல கத்துக்கிட்டதுதான், ஆனா தெரியும்.

உட்கார்ந்து எழுதினேன். கோடு வேண்டாம், கலர் வேண்டாம், ஒவ்வொரு நிறுத்தம் முடிஞ்சதும் அந்த வரியை உடனே வெளியே தள்ளு, அவ்ளோதான். பெருமையா அனுப்பினேன். பதில் வந்துச்சு, பாருங்க, பக்கத்து ரூம்லேர்ந்து பொது மடலாடல் குழுவுக்கு, உலகமே படிக்கிற மாதிரி! "நன்றி. வெளியே தள்ளறது தோத்துப் போனா என்ன பண்ணுவீங்க? சோதிக்கவே இல்லையே. ஏற்க இயலாது." ஏற்க இயலாதாம்! காலையில நான் போட்ட காபியைக் குடிச்ச வாயி.

சரி பண்ணி அனுப்பினேன். "வரி முடியறதுக்கு முன்னாடியே துண்டு துண்டா தள்ளறீங்க"ன்னு திருப்பி அனுப்பினா. அதைச் சரி பண்ணினேன். "நிறுத்தத்தோட பேரு ரொம்ப நீளமா வந்தா, நீங்க ஒதுக்கின இடத்தைத் தாண்டிப் போய் பக்கத்து இடத்தை நாசம் பண்ணும்." அதையும் சரி பண்ணினேன். கண்கொத்திப் பாம்பு மாதிரி உட்கார்ந்திருந்தா. சாப்பாட்டு மேஜையில ரெண்டு பேரும் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவோம், சரி, அவ பார்ப்பா. நடுவுல என் வீட்டுக்காரர், "இன்னைக்கு வெயில் கொஞ்சம் அதிகம், இல்ல?"ன்னு மேஜைக்கிட்ட பேசிக்கிட்டு இருப்பார்.

அப்புறம் ஒண்ணு சொன்னா, அது எனக்கே சுருக்குன்னு தைச்சுது. "ஒரு நிறுத்தத்துலேர்ந்து பதில் வரலன்னா, முந்தின நிறுத்தத்தோட பேரு உங்க வரியில அப்படியே தங்கிடுது. செத்துப் போனதை உயிரோட இருக்குன்னு சொல்லும்." ஓட்டிப் பார்த்தேன். ஆமாம், சொல்லிச்சு. தலையில அடிச்சுக்கிட்டேன். ஒவ்வொரு தடவையும் எழுதறதுக்கு முன்னாடி அந்த இடத்தைத் துடைக்கணும், நான் மறந்துட்டேன். துடைச்சு அனுப்பினேன். அதுக்கப்புறமும் ரெண்டு தடவை திருப்பி அனுப்பினா, ஒரு தடவை வெறும் இடைவெளிக்காக. பழி வாங்கறா, உப்பு டப்பாவுக்குப் பழி வாங்கறான்னு என் வீட்டுக்காரர்கிட்ட பொரிஞ்சு தள்ளினேன். அவர், "ம்"ன்னார். அந்த "ம்" எந்தப் பக்கத்து "ம்"முன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

பரிட்சைக்கு முந்தின நாள்தான் "சேர்த்தாச்சு"ன்னு ஒத்தை வார்த்தை வந்துச்சு. மறுநாள் காலையில ஆபீஸ் மெஷின்ல புது வெர்ஷன் இருந்தது. ஆப்ஷனைப் போட்டு ஓட்டினேன். வரிக்கு வரி, பளிச் பளிச்னு பேசிச்சு. எனக்கு அழுகையே வந்துடும் போல இருந்துச்சு.

சைரன் கீழே போயிட்டு வந்தார். "ஒரு லைனைப் பிடுங்கிட்டேம்மா. நிதானமா பாரு"ன்னார், சர்க்கரை போட்டு.

ஒவ்வொரு கஸ்டமருக்கா ட்ரேஸ் ஓட்டினேன். ஆபீஸ் கட்டடம், கடைசி வரைக்கும் போச்சு. ஆஸ்பத்திரி, போச்சு. கிடங்கு, போச்சு. ரத்தப் பரிசோதனை லேப், எங்க கட்டடத்தைத் தாண்டவே இல்ல. "பதில் இல்லை, பதில் இல்லை, பதில் இல்லை." இன்னொரு தடவை ஓட்டினேன், அதேதான்.

"லேப் லைன் சார்"னேன்.

அவர் பேனாவை மேஜையில தட்டினார். அப்புறம் பக்கத்துல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இல்லம்மா. நான் பிடுங்கினது கிடங்கு லைன். இன்னைக்கு அங்க விடுமுறை, யாருக்கும் தொந்தரவு இல்லன்னு அதைப் பிடுங்கினேன்."

எனக்குக் காது ரெண்டும் சூடாச்சு.

"பரவாயில்ல, பதட்டப்படாதே. நீ கஷ்டப்பட்டது எனக்குத் தெரியாதா? கிடங்குன்னு ஒரு வார்த்தை சொல்லு. நான் கையெழுத்து போட்டுடறேன், விஷயம் முடிஞ்சுது."

பாருங்க மனுஷன் மனசை. விடையை அவரே சொல்லிட்டார். நான் திருப்பிச் சொன்னா வேலை என்னுது. சுவத்துல இருக்கிற பெரிய திரையில எல்லா லைனும் பச்சையாதான் இருக்குன்னு பக்கத்து சீட்டுக்காரர் மெதுவா சொன்னார். அந்தத் திரை எப்பவுமே கொஞ்சம் தாமதமாத்தான் விழிச்சுக்கும், அது எல்லாருக்கும் தெரியும். ஆனா என் கையில இருக்கிறது நானே ஒட்டுப் போட்ட கருவி. அதுல தப்பு இருந்தா? செத்ததை உயிரோடன்னும், உயிரோட இருக்கிறதைச் செத்துதுன்னும் சொன்னா? டெலிபோன் சீட் என்னைக் கூப்பிடற மாதிரியே இருந்துச்சு.

அப்போதான் அவ நினைப்பு வந்துச்சு. ஒரு வரியில ஒரு இடைவெளி கூடுதலா இருந்ததுக்குத் திருப்பி அனுப்பினவ. அவளுக்கு என்னைப் பிடிக்குமோ பிடிக்காதோ, என் தப்பை விட்டுக் கொடுக்கிற ஜென்மம் அவ இல்ல. தப்புன்னு ஒண்ணு மிச்சம் இருந்திருந்தா அதை ஊருக்கே எழுதிப் போட்டிருப்பா. எனக்குச் சட்டுன்னு தைரியம் வந்துச்சு.

"சார், லேப் லைன் செத்துக் கிடக்கு. அங்கேர்ந்து ஆஸ்பத்திரிக்கு ரிசல்ட் போயிட்டு இருக்கும், இப்போ போகல. நீங்க என்னைப் பாஸ் பண்ண வேண்டாம், முதல்ல கீழே போய்ப் பாருங்க."

"நான் என் கையால பிடுங்கினேம்மா."

"இந்தக் கருவியை என் நாத்தனார் பார்த்து ஓகே பண்ணியிருக்கா சார். தப்பா இருக்காது. போங்க!"

நான் போட்ட சத்தத்துல ரூமே கப்சிப். சைரனோட செருப்புச் சத்தம் படியில இறங்கிச்சு. நான் கீபோர்டை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு லேப்புக்கு ட்ரேஸை ஓட விட்டுக்கிட்டே இருந்தேன். பதில் இல்லை, பதில் இல்லை. திடீர்னு வண்டு கட்டடத்துக்கு வெளியே இருக்கிற நிறுத்தத்தோட பேரைச் சொல்லிச்சு. அடுத்தது, அதுக்கடுத்தது, லேப் வாசல் வரைக்கும் போயிடுச்சு.

மேல வந்தவர் மூச்சு வாங்கினார். "ரெண்டு ஒயரும் பக்கத்துல பக்கத்துல. தப்பானதைப் பிடுங்கிட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "திங்கட்கிழமையிலேர்ந்து தனி ஷிப்ட்டுக்கு வந்துடு. லேட்டா வந்தா தொலைச்சுடுவேன்"னு கத்தினார். சர்க்கரை கொஞ்சமும் இல்ல. காதுல தேன் வார்த்த மாதிரி இருந்துச்சு.

முதல் போன் அவளுக்குத்தான் போட்டேன். நடந்ததை மூச்சு விடாம சொன்னேன், அவ பேரைச் சொல்லித்தான் அவரைக் கீழே துரத்தினேன்னும் சொன்னேன்.

"என்னடி, இருக்கியா?"

"பழைய பேரு தங்கலையே அண்ணி?"

"தங்கல. துடைச்சுட்டோமே."

மூக்கை உறிஞ்சற சத்தம் கேட்டுச்சு. "எனக்கு ரொம்ப பயமா இருந்துச்சு அண்ணி. நான் ஒரு தப்பைக் கவனிக்காம விட்டு, அதனால உங்க வேலை போயிடுச்சுன்னா? என் கோட்டாலதானே இவ்ளோவும். அதான் அப்படிக் குடைஞ்சேன்."

"பாவி, இதை வாயைத் திறந்து சொல்றதுக்கு என்னடி? மேஜையில எதிர்லதானே உட்கார்ந்திருந்தே?"ன்னு திட்ட ஆரம்பிச்சேன், முடிக்கல. ரெண்டு பேரும் போனைப் பிடிச்சுக்கிட்டு அழுதோம். பக்கத்து சீட்டுக்காரர் ஒண்ணும் கேக்காம ஒரு டம்ளர் தண்ணியைக் கொண்டு வந்து என் கைக்கிட்ட வச்சார்.