தங்கக்கட்டியைத் தூக்கியவன்

கண்ணாடிப் பெட்டியின் பக்கவாட்டில் இருந்த ஓட்டைக்குள் தாமரை கையை விட்டாள். உள்ளே ஒரு தங்கக்கட்டி. தூக்கிப் பார்க்கலாம், வெளியே எடுக்க முடியாது. பணத்தைப் பற்றிய அந்த அருங்காட்சியகத்தில் பிள்ளைகள் அதிகம் மொய்த்தது அங்கேதான். ஒன்பது வயதுக் கைக்குக் கட்டி அசைந்து கொடுக்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். குமுதா மகளைப் பார்க்காமல் கணவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பரமேஸ்வரன் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான். கிள்ளானிலிருந்து ரயிலில் வரும்போதும் கதவைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வங்கிகளுக்குப் பணம் ஏற்றும் வேனில் காவலுக்கு இருந்தவன். சென்ற ஆண்டு செலாயாங் சந்தைக்குப் பக்கத்தில் வேனின் பின்கதவைத் திறந்த நேரம், பாராங் கத்திகளோடு ஒரு கும்பல் பாய்ந்தது. சைரன் அலற அலற, கூட வேலை செய்த வாசுவைக் கழுத்தில் வெட்டிப் போட்டார்கள். இவனுக்கு இடது கையில் இரண்டு விரல்கள் போயின. அந்த நாளைப் பற்றி அவன் யாரிடமும் வாய் திறந்ததில்லை. வீட்டில் மிக்ஸி ஓடினால் எழுந்து வெளியே போய்விடுவான். ஒரு முறை தூக்கத்தில் குமுதாவின் கழுத்தை நெரித்தான். அவள் உதைத்த பிறகுதான் விழித்தான். அதை அவளும் யாரிடமும் சொல்லவில்லை. காய் வெட்டும் கத்தியை மட்டும் அரிசி டின்னுக்குள் ஒளித்து வைக்கத் தொடங்கினாள். அப்பா வந்தால்தான் வருவேன் என்று தாமரை அடம்பிடித்ததால் இன்று கிளம்பினான். வழியில் மகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தபோது சிரிக்கக்கூடச் செய்தான். குமுதாவுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்திருந்தது.

"இரு பாப்பா, அங்கிள் ஹெல்ப் பண்றேன்."

அடுத்து நின்ற இளைஞன் குனிந்து பெட்டியின் மறுபக்கத்து ஓட்டைக்குள் தன் கையை விட்டான். பெயர் பர்வேஸ் என்பது பிறகுதான் தெரிந்தது. கட்டி மெல்ல எழும்பியது. உடனே தலைக்கு மேல் சிவப்பு விளக்கு சுழன்றது, சைரன் அலறியது. விளையாட்டுக்காக வைத்திருந்ததுதான். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

குமுதா திரும்புவதற்குள் பரமேஸ்வரன் பாய்ந்துவிட்டான். பர்வேஸின் பிடரியைப் பிடித்து முகத்தைக் கண்ணாடியில் மோதினான். எலும்பு உடையும் சத்தம் சைரனையும் மீறிக் கேட்டது. மறுபடி மோதினான். ஓட்டையில் சிக்கியிருந்த கையோடு சேர்த்து அவனைப் பிடுங்கித் தரையில் சாய்த்து, நெஞ்சில் முழங்காலை ஊன்றிக் குத்தினான். மூன்று விரல்கள் உள்ள கையாலும் குத்தினான். கண்ணாடியிலும் தரையிலும் ரத்தம்.

"வாசு, படு! எழுந்திரிக்காதடா, கீழ படு!"

குமுதா அவன் முதுகில் தொங்கினாள். முழங்கை பட்டு அவள் உதடு கிழிந்தது. அப்போது தாமரை ஓடிவந்து அப்பாவின் கையைக் கடித்தாள். பல் இறங்கக் கடித்தாள். அவன் யாரென்று பார்க்காமலே உதறினான். பிள்ளை வழுக்கிப் போய்த் தூணில் நெற்றி மோதி, "அப்பா!" என்று கத்தினாள்.

யாரோ சைரனை நிறுத்தியிருந்தார்கள். ஓங்கிய கை அப்படியே நிற்க, அவன் மகளைப் பார்த்தான். அருங்காட்சியகக் காவலாளிகள் இருவர் அவனைக் குப்புறத் தள்ளி அமுக்கினார்கள். அவன் திமிறவில்லை.

பர்வேஸின் மனைவி மஹ்ஜபீன் தன் துப்பட்டாவைச் சுருட்டிக் கணவன் மூக்கில் வைத்து அழுத்தினாள். "ஒங்க புள்ளைக்குத்தானேக்கா ஹெல்ப் பண்ணாரு! என்ன மனுஷன் இவரு?"

குமுதா தரையில் உட்கார்ந்தபடியே செலாயாங் கதையைச் சொன்னாள். வாசுவைப் பற்றிச் சொன்னாள். மன்னிப்புக் கேட்டாளா என்பது அவளுக்கே நினைவில்லை. பர்வேஸ் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ரத்தத்தைத் துப்பினான்.

"பாவம்தான் அக்கா. ஆனா நான் ரிப்போர்ட் போடுவேன். நாளைக்கி வேற யாரையாச்சும் அடிச்சே கொன்னுட்டார்னா?"

மகளின் நெற்றி புடைத்துக்கொண்டு வந்தது. குமுதா அதைத் தொட்டாள். தாமரை சட்டென்று தலையை இழுத்துக்கொண்டாள்.

"போடுங்க தம்பி. நானும் போலிஸ்ல சொல்றேன். வீட்ல நடந்ததையும் சொல்லிடுறேன்லா."

அதைக் கேட்டு பரமேஸ்வரன் தலையைத் தூக்கினான்.

போலிஸ் வந்து அவனுக்குக் கைகளைப் பின்னால் இழுத்து விலங்கிட்டு, வாசலோரப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். சட்டையில் இருந்த ரத்தம் எதுவும் அவனுடையதல்ல, பல் பட்ட இடத்தில் வழிந்ததைத் தவிர.

"தாமரை, தலை வலிக்குதாம்மா?" என்று அங்கிருந்தே கேட்டான்.

அவள் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தாள். பாதி தூரம் நடந்தாள், அதற்கு மேல் போகவில்லை. தோளில் மாட்டியிருந்த தண்ணீர் பாட்டிலைக் கழற்றித் தரையில் படுக்க வைத்துக் காலால் தள்ளினாள். அது உருண்டு போய் அப்பா காலில் போட்டிருந்த சப்பாத்தில் முட்டி நின்றது. பின்னால் கட்டிய கைகளோடு அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.