மூலை உள்ளே

இந்தச் சிறையில் என் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. மடிப்பக்கா என்று கேட்டால் வாசல் காவலர் முதல் டாக்டர் வரை கை காட்டுவார்கள். உள்ளே வந்து முப்பத்தோரு வருடம் ஆகிறது. அதில் இருபத்தெட்டு வருடம் சலவைக்கூடத்தில். படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆஸ்பத்திரி வார்டின் துண்டு எல்லாம் என் கை பட்டுத்தான் அலமாரிக்குப் போகும். அடுக்கின் ஓரத்தில் ஸ்கேல் வைத்துப் பார்த்தாலும் ஒரு நூல் வெளியே நிற்காது. புது அதிகாரி வந்தால் என் அலமாரியைத் திறந்து காட்டுகிறார்கள். ஒரு கொலைகாரிக்குக் கிடைத்த பெருமையைப் பாருங்கள்.

கொலைகாரி என்று நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் என் முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சப்பட்டு, "அந்தச் சம்பவம்" என்பார்கள். சம்பவம் என்றால் தானாக நடப்பது. நான் நடந்து போய்க் கதவைத் தட்டினேன்.

இருபத்தொரு வயதில் ஐயாவிடம் போய்ச் சேர்ந்தேன். பெயிண்ட் குடோனுக்குப் பின்னால் ஒரு மாடி வீடு, அதில் பத்தொன்பது பேர். ஐயா அதற்கு முன்பு டைப்ரைட்டிங் வகுப்பு நடத்தியவர். நல்ல குரல், யாரையும் அதட்ட மாட்டார். அந்த வீட்டில் கேள்வி கேட்டவர்களுக்கு அன்று சாப்பாடு கிடையாது, யாரும் பேசவும் மாட்டார்கள். கேட்காதவர்களை எல்லோரும் கொண்டாடுவார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் அங்கே சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

சேர்ந்த அன்றே ஆளுக்கு ஒரு வெள்ளைத் துணி கொடுப்பார்கள். அதை மடிக்கக் கற்றுக்கொள்வதுதான் முதல் பாடம். நீளவாக்கில் மூன்று மடிப்பு. இரண்டு முனையும் நடுவில் வந்து தொட வேண்டும். பிறகு ஒன்றின்மேல் ஒன்றைக் கவிழ்த்து, கடைசி மூலையை உள்ளே செருக வேண்டும். மூலை வெளியே தெரிந்தால் மனசு வெளியே அலைகிறது என்பார் ஐயா. எனக்கு நாற்பது நாள் பிடித்தது. எந்த வேலைக்கு முன்னாலும் அதை நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடி நிற்போம். அந்த வேலை முடிந்ததும் வேலை நடந்த இடத்தில் ஒரு துணியை மடித்து வைத்துவிட்டு வருவோம். பாத்திரம் கழுவினாலும் அப்படித்தான்.

எங்களில் ஒருவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். மனைவி இல்லாதவர், எட்டு வயதில் ஒரு மகள். எங்கள் எல்லோருக்கும் அவர்தான் கண்ணாடி போட்டுக் கொடுத்தார். நான் சேர்ந்த இரண்டாம் வருடம் அவர் விலகிப் போனார். போனவர் சும்மா இருக்கவில்லை, எங்கள் வீடுகளுக்குப் போய் அம்மா அப்பாக்களிடம் உங்கள் பிள்ளையை வெளியே கொண்டு வாருங்கள் என்று சொல்ல ஆரம்பித்தார். எங்கள் அம்மாவிடமும் போயிருக்கிறார். ஐயா மூன்று பேரைக் கூப்பிட்டார். அதில் நான் ஏன் என்றால், நான் தட்டினால் அவர் கதவைத் திறப்பார்.

திறந்தார். சாயங்காலம் ஐந்து மணி. என்னைப் பார்த்ததும், "வந்துட்டியாம்மா, நல்ல வேளை" என்றார். நான் தப்பித்து வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். மூன்று குத்து, அதில் கடைசிக் குத்து என்னுடையது. பிறகு துணியை மடித்து அவர் நெஞ்சில் வைத்தேன். நிமிர்ந்தால் உள் அறை வாசலில் அந்தக் குழந்தை பள்ளிச் சீருடையோடு நிற்கிறது. "அப்பா தூங்குறாரும்மா, நீ உள்ள போ" என்றேன். அதுவும் போனது. பெரியவர்கள் சொன்னால் கேட்கிற குழந்தை.

ஐயா ஆண்கள் சிறையில் இரண்டாம் வருடமே மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அவருக்குச் சாவே கிடையாது என்று நம்பியிருந்தவள் நான். செத்ததும் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். என் புத்தி அப்படி. சலவைக்கூடத்தில் போட்டபோது அவர் நினைவாகத்தான் முதல் விரிப்பை அப்படி மடித்தேன். மேற்பார்வைக்காரம்மா வாயைப் பிளந்து பார்த்தாள். வேலையும் நிலைத்தது, பெயரும் நிலைத்தது.

பதினோராம் வருடம் என் கண்ணாடி உடைந்தது. அந்தக் கண்ணாடிக் கடைக்காரர் போட்டுக் கொடுத்த அதே கண்ணாடி. சிறைக்கு வந்த கண் பரிசோதனைக்காரர் புதுக் கண்ணாடியை மாட்டி, காதுக்குப் பின்னால் விரல் வைத்துச் சரிசெய்து, "குத்துதா? இப்ப சரியா இருக்கா?" என்று கேட்டார். அன்றைக்குக் கடைக்காரரும் இதையேதான் கேட்டார், இதே இடத்தில் விரல் வைத்து. நான் நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டேன். மூன்று நாள் சாப்பிடவில்லை, அழுகையும் நிற்கவில்லை. பதினோரு வருடம் கழித்து அன்றைக்குத்தான் ஒரு மனிதரைக் கொன்றேன் என்று எனக்கே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் நடத்த வருகிற ஊழியக்காரம்மா அப்போதுதான் என் அறைக்கு வந்தார். புத்தி சொல்வார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அடுத்த வாரமும் வந்தார். நான்காவது வாரம் நானாகத்தான், "எனக்கெல்லாம் மன்னிப்பு உண்டாம்மா?" என்று கேட்டேன். "கேட்டுப் பாரு, நானும் கூட உட்கார்ந்திருக்கேன்" என்றார்.

எங்கள் சிறையில் ஆண்டவரைக் கண்டுபிடிக்காத ஆளே கிடையாது. விடுதலைக் குழு கூடுகிற மாதத்தில் இன்னும் அதிகமாகக் கண்டுபிடிப்பார்கள். ஆண்டவருக்கும் இங்கேதான் ஆயுள் தண்டனை போலிருக்கிறது என்று வார்டர்கள் சிரிப்பார்கள். என்னையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தார்கள். சேர்க்கட்டும். சலவைக்கூடத்தின் ஊறவைக்கிற தொட்டியில் எனக்கு ஞானஸ்நானம் நடந்தது. சோப்பு வாசனை, கழுத்தளவு தண்ணீர். எழுந்தபோது நெஞ்சில் பாரமே இல்லை. ஐயாவின் படத்தை எரித்தேன், அவர் சொல்லிக் கொடுத்த வரிகளை நாக்கிலிருந்து துரத்தினேன். தொட்டியின் ஓரத்தில் நான் மாற்றிக்கொள்ள மடித்து வைத்திருந்த உடையைப் பார்த்து ஊழியக்காரம்மா, "என்ன அழகா மடிச்சிருக்கே" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

விடுதலைக் குழு நான்கு முறை என் மனுவைத் தள்ளியது. ஆண்டவர் என்னை மன்னித்தார் என்று சொன்னால், பொறுப்பைத் தட்டிக் கழிக்கிறாள் என்று எழுதினார்கள். அடுத்த முறை ஆண்டவரைப் பற்றி வாயே திறக்கவில்லை, மனமாற்றம் தெரியவில்லை என்று எழுதினார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். ஐந்தாம் முறை வந்தபோது எனக்கு ஐம்பத்துநான்கு வயது.

என் தங்கை ஸ்டேஷனரிக் கடை வைத்திருக்கிறாள். மாதம் ஒரு முறை வருவாள். விசாரணைக்கு முந்தின வாரம் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தொலைபேசியை எடுத்தாள்.

"அக்கா, கடைக்குப் பின்னாடி இருக்கிற ரூமைக் காலி பண்ணிட்டேன். ஜன்னலுக்குத் திரை கூடப் போட்டாச்சு."

"இப்பவேவா? போன தடவையும் இப்படித்தான் பண்ணி மூக்கு உடைஞ்சுது."

"இந்தத் தடவை விட்டா நீ வரும்போது நான் இருப்பேனோ என்னவோ. எனக்கும் அம்பது ஆச்சுக்கா. அவங்க என்ன கேட்டாலும் கோபப்படாம பதில் சொல்லு. உன் வாய் இருக்கே, அது போதும் உன்னைக் கெடுக்க."

விசாரணை அறையில் நீள மேசை. குழுவின் தலைவி, ஒரு மனநல மருத்துவர், ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர். மேசையில் தண்ணீர்க் கூஜா, அதன்மேல் தூசி விழாமல் ஒரு வெள்ளைத் துண்டு. சுவரோரம் முதல்முறையாக இன்னொரு நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தொன்பது வயது இருக்கும். யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்துவிட்டது. அதுவரை குழுவுக்குக் கடிதம் மட்டும் அனுப்பிக்கொண்டிருந்த கடைக்காரரின் மகள் நேரில் வந்திருந்தாள்.

மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. "அன்னைக்கு ஐயா சொன்னார்னு கொன்னீங்க. நாளைக்கு உங்க ஆண்டவர் சொன்னா?"

"சொல்ல மாட்டார். அப்படி ஒரு குரல் கேட்டா அது அவர் இல்லைன்னு எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"கேள்வி கேட்பேன் சார். அப்ப எனக்குக் கேள்வி கேட்கத் தெரியாது. ஐயா சொன்னதால நான் செய்யலை, கேட்காம இருந்தா எல்லாரும் என்கிட்ட அன்பா இருந்தாங்க, அந்த அன்புக்காகச் செஞ்சேன். அது ஐயாவோட குத்தம் இல்ல, என்னோடது. அந்த வீட்டுல இருந்த ஒரே நல்ல மனுஷன் எனக்குக் கதவைத் திறந்தார், அவரை நான் கொன்னேன். அந்தக் குழந்தைகிட்டப் பொய்யும் சொன்னேன்."

சொல்லி முடிப்பதற்குள் உடைந்துவிட்டேன். நடிப்பு இல்லை, அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரிந்தது. ஓரமாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த குமாஸ்தா கூஜாமேல் இருந்த துண்டை எடுத்து நீட்டினார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அதிகாரி ஏதோ குனிந்து சொல்ல, தலைவி தலையாட்டினாள். "வெளியே போனா எங்கே தங்குவீங்க?" என்று கேட்டாள். நான்கு விசாரணைகளில் ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. தங்கையின் கடையை, பின் அறையை, ஜன்னல் திரையைப் பற்றிச் சொன்னேன். தலைவி எழுதிக்கொண்டிருந்தாள். வெளிக் காற்றின் வாசனையே வந்துவிட்டது எனக்கு.

அப்போது நாற்காலி பின்னால் நகர்கிற சத்தம் கேட்டது. அந்தப் பெண் எழுந்து நின்றிருந்தாள். கண்ணாடி இல்லாததால் அவள் முகம் எனக்கு மங்கலாகத்தான் தெரிந்தது.

"அது என்ன?" என்றாள். கை நீட்டிக் காட்டினாள்.

நான் குனிந்து பார்த்தேன். துண்டு என் முன்னால் மேசைமேல் இருந்தது. நீளவாக்கில் மூன்று, முனைகள் நடுவில், ஒன்றின்மேல் ஒன்று. மூலை உள்ளே.

"எங்க அப்பா மேல இருந்தது இதுதான்" என்றாள் அவள். குரல் உயரவே இல்லை. "போலீஸ் வர்றதுக்கு முன்னாடி நான்தான் அதை எடுத்துப் பிரிச்சேன். அவ்வளவு அழகா மடிச்சிருக்காங்களே, உள்ள எனக்கு ஏதாவது எழுதி வச்சிருப்பாங்கன்னு நினைச்சேன். ஒண்ணுமே இல்ல."

தலைவி அவளை உட்காரச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

"பிரிங்க அதை."

பிரித்தேன்.

"இப்ப வேற மாதிரி மடிங்க."

எவ்வளவு சின்ன விஷயம். ஒரு துண்டைப் பாதியாக மடித்து, அதை மறுபடி பாதியாக மடித்தால் முடிந்தது. குழந்தைகள் செய்வார்கள். நான் பாதியாக மடித்தேன். அதற்கு மேல் என் விரல் துணியின் ஓரத்தை மூன்றாகப் பிரித்துப் பிடித்தது. நிறுத்திவிட்டு மறுபடி பிரித்தேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது முறை கண்ணை மூடி ஆண்டவரைக் கூப்பிட்டுவிட்டு மடித்தேன். கண்ணைத் திறந்தபோது துண்டை நெஞ்சோடு சேர்த்து வைத்திருந்தேன். மூலை உள்ளே போயிருந்தது.

"பொய் சொல்லலை இவங்க" என்றாள் அந்தப் பெண் தலைவியிடம். "உண்மையாத்தான் அழுதாங்க. ஆனா எனக்குப் பயமா இருக்கு." பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

ஐந்தாம் முறையும் மனுவைத் தள்ளினார்கள், அடுத்த மனு ஐந்து வருடம் கழித்து. மருத்துவர் அறிக்கையில் என்ன எழுதினாரோ தெரியாது. ஆனால் இந்த முறை எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. அந்தக் குழந்தை அந்தத் துணிக்குள் ஒரு கடிதத்தைத் தேடியது என்பதுதான் மனசை அறுத்தது. இருபது வருடம் வருத்தப்பட்டதில் அது எனக்குத் தோன்றவே இல்லை. இருபத்தெட்டு வருடம் இந்தச் சிறையில் படுக்கிற ஒவ்வொருத்தியின் கட்டிலிலும் நான் அந்தத் துணியை வைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்பதும் தோன்றவில்லை.

தங்கை வந்தாள். விசாரணையில் நடந்ததை எல்லாம் தொலைபேசியில் சொன்னேன்.

"அக்கா, நம்ம அம்மா எப்படி மடிப்பாங்கன்னு ஞாபகம் இல்லையா உனக்கு?"

இல்லை. எவ்வளவு யோசித்தும் அம்மாவின் கை எனக்கு வரவில்லை. ஐயாவுக்கு முன்னால் இருபத்தொரு வருடம் நானும் துணி மடித்திருப்பேனே, எப்படி மடித்தேன்?

தங்கை பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்தாள். "பாரு. ரெண்டு மூலையையும் பிடிச்சு ஒரு உதறு. அப்புறம் பாதி. அப்புறம் பாதி. கோணலா வந்தா வந்துட்டுப் போகுதுன்னு தூக்கிப் போடுவாங்க அம்மா. அப்பா திட்டுவார், ஞாபகம் வருதா?"

தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு நானும் வெறுங்கையால் செய்தேன். உதறு, பாதி, பாதி. தங்கை தடுப்புக்கு அந்தப் பக்கம் மறுபடி செய்தாள், நான் இந்தப் பக்கம் செய்தேன். பத்துத் தடவை செய்தோம், ஒரு தடவைகூடத் தப்பவில்லை. அழுதுகொண்டே இருவரும் சிரித்துவிட்டோம். வார்டர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, இதுகளுக்குப் பைத்தியம் என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை சலவைக்கூடத்தில் எனக்கு முன்னால் எண்பது விரிப்புகள் குவிந்திருந்தன. முதல் விரிப்பை எடுத்தேன். இரண்டு மூலையையும் பிடித்து அம்மா மாதிரி உதறினேன். பாதி என்று வாய்விட்டுச் சொன்னேன்.

"அடேங்கப்பா" என்றாள் மேற்பார்வைக்காரம்மா, என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து. "மடிப்பக்கா கைன்னா சும்மாவா? மூலை எங்க போச்சுன்னே தெரியலையே."

நான் அதைப் பிரித்து, மறுபடி உதறினேன்.