ஆறடி தள்ளி ஒரு நாற்காலி

லேத் பட்டறையில் இருபது வருஷம் நின்றவருக்கு மெதுவாகப் பேச வராது. இயந்திரச் சத்தத்தை மீறிக் கத்தியே பழகிய தொண்டை. "இவர் உப்பு கேட்டா மாடி வீட்டுக்காரங்க எடுத்துக்கிட்டு வந்துடுவாங்க" என்று மனைவி கேலி செய்வாள்.

அந்த வீட்டில்தான் மச்சினன் தன் கிளியைக் கொண்டுவந்து விட்டான். அவனுக்கு வேலை மாற்றல். புது வீட்டுச் சொந்தக்காரர் பறவை கூடாது என்றுவிட்டார்.

"மாமா, முன்னாடி வெச்சிருந்தவங்க துண்டைப் போட்டு அமுக்கி இறக்கையை வெட்டியிருக்காங்க. இறக்கை வளர்ந்துடுச்சு, பயம் போகல. கையைக் கண்டாலே ஆகாது" என்றான்.

கிளி கூண்டின் மூலையில் ஒண்டியிருந்தது. நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிப் பிடுங்கி, வெறும் தோல் தெரிந்தது. அவர் குனிந்து, "என்னடா ராசா" என்றார். அவ்வளவுதான். அது கம்பியில் மோதிக் கீழே விழுந்தது.

மனைவிக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. நாள் முழுக்க ஊசி குத்துகிறவள்.

"ஊசிக்குப் பயப்படறவங்களை நான் இழுத்துப் பிடிக்கறதில்லைங்க. பக்கத்துல உக்காந்து வேற ஏதாவது பேசிக்கிட்டு இருப்பேன். அவங்களே கையை நீட்டுவாங்க."

அவர் கூண்டைச் சுவர் மூலைக்கு நகர்த்தினார், பின்னாலிருந்து யாரும் வர முடியாதபடி. தினமும் பட்டறையிலிருந்து வந்ததும் கையிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்துக் கழுவிவிட்டு, ஆறடி தள்ளி நாற்காலியைப் போட்டு, பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து செய்தித்தாளை முணுமுணுப்பாகப் படித்தார். முதல் வாரம் அவர் எழுந்து போகும்வரை கிளி தீனியைத் தொடவில்லை. பிறகு நாற்காலி சாண் சாணாக நகர்ந்தது. கிளி விறைத்தால் ஒரு சாண் பின்னால் போவார். இரும்பை நூல் கணக்கில் சீவுகிறவருக்கு அந்தப் பொறுமை இருந்தது.

ஆறாவது வாரம், கம்பி இடுக்கில் நீட்டிய சூரியகாந்தி விதையை அது மெல்ல எட்டி வாங்கிக்கொண்டது. சந்தோஷத்தில் அவருக்குப் புத்தி மழுங்கிவிட்டது. கூண்டைத் திறந்து அதன் தலையைத் தடவப் போனார். அலகு விரலில் ஆழமாக இறங்கியது. வலியில் அவர் போட்ட கூச்சலில் கிளி சுருண்டு ஒடுங்கியது. இரண்டு நாள் சரியாகத் தின்னவில்லை.

"யார் மேல தப்பு?" கட்டுப் போட்டபடி மனைவி கேட்டாள்.

"என் மேலதான். அவசரப்பட்டுட்டேன்."

"எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?"

அன்று சாயங்காலமே நாற்காலி பழையபடி ஆறடிக்குப் போனது. இந்த முறை அது மறுபடி சாண் சாணாகக் கூண்டருகே வந்த பிறகும், விதையை உள்ளங்கையில் ஏந்திக் கம்பியோரம் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். வேண்டுமானால் வரட்டும். பட்டறையில் கூட இருப்பவர்கள், "என்னண்ணே, தொண்டை கட்டிக்கிச்சா? சத்தத்தையே காணோம்" என்று விசாரித்தார்கள்.

கிளியின் நெஞ்சில் பச்சைத் துளிர்போல இறகு முளைத்தது. அதன் பிறகுதான் கூண்டுக் கதவைத் திறந்தே வைக்க ஆரம்பித்தார். நாலு நாள் அது வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துத் திரும்பிப் போனது.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் அவர் படித்துக்கொண்டிருந்தபோது கிளி வெளியே வந்தது. கூண்டின் உச்சிக்கு ஏறி, அங்கிருந்து நாற்காலி முதுகுக்குத் தாவி, ஒரு காலை அவர் தோளில் வைத்துப் பார்த்து எடுத்தது. மறுபடி வைத்தது. பிறகு இரண்டு காலையும். அவர் தலையைத் திருப்பவில்லை, படிப்பதையும் நிறுத்தவில்லை. ஒரே வரியை மூன்று தடவை படித்தார்.

உள்ளறையில் போன் அடித்தது. மச்சினன். மனைவி எடுத்துக் கதவருகே வந்து நின்றாள்.

"மாமாகிட்ட குடுக்கா."

"இப்ப அவர் பேச மாட்டார்டா."

"ஏன், எம்மேல கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல. உன் கிளி அவர் காது ஓரமா முடியைக் கோதிக்கிட்டு இருக்கு. அப்புறமா கூப்பிடு."

அவருக்குக் கால் மரத்துப்போயிருந்தது. வெயில் ஜன்னலிலிருந்து நகர்ந்து மடிவரை வந்துவிட்டது. கிளி அவர் கழுத்தோடு சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டது. அவர் அப்படியே இருந்தார்.