கல்யாணம் பார்க்க வாங்கிய குச்சி

எங்கள் வீட்டில் மிக்ஸி வாங்கிய கதையை நான் யாரிடமும் சொல்வதில்லை. ஒரு ஐப்பசி மழையில் தொடங்கி அடுத்த கோடை வரைக்கும் நான் அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் கடை கடையாக ஏறி இறங்கி மோட்டாரைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். தாலுகா ஆபீஸில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பொருளைக் கண்டாலும் மனசுக்குள் ஒரு ஃபைல் திறந்துவிடுவார், லேசில் மூட மாட்டார். அப்படிப்பட்ட மனுஷனிடம் போய் டிவிக்கு ஒரு குச்சி வேண்டும் என்று கேட்க எனக்கென்ன கிறுக்கா? ஆனால் வேறு வழி இல்லை. தை மாதம் எங்கள் மகளுக்குக் கல்யாணம். எங்கள் வீட்டிலிருந்து யாரும் போகப்போவதில்லை.

ராஜராஜேஸ்வரி என்று பெயர் வைத்தது அவர். ராஜி என்று சுருக்கியது நான். தூத்துக்குடியில் ஒரு கப்பல் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கிற எட்வின் என்ற பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாக வந்து சொன்னாள். மணப்பாட்டுப் பையன், வேதக்காரர்கள் என்று நாங்கள் சொல்கிற கிறிஸ்தவர்கள், தகப்பனார் அம்புரோஸ் சொந்தமாகப் படகு வைத்திருக்கிறார். என் வீட்டுக்காரர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு நிதானமாக வந்து நின்றார்.

"தாரை வார்க்க நான் வரமாட்டேன். யாரு வார்த்துக் குடுக்கான்னு பாக்குதேன்" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "ஒனக்குப் போணும்னா போ. போனா அங்கனயே இருந்துக்க."

எங்களில் பெண்ணைப் பெற்றவன் அவள் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைக்க வேண்டும், தாய்க்காரி மேலே தண்ணீர் விட வேண்டும். அதுதான் கல்யாணம், மற்றதெல்லாம் பந்தியும் பாத்திரமும். அது இல்லாமல் ஒருத்தி எப்படிக் கல்யாணம் பண்ணிக்கொள்ள முடியும் என்று அவர் நிஜமாகவே நினைத்தார். தான் இல்லையென்றால் காரியம் நடக்காது என்ற எண்ணம் ஆபீஸிலிருந்தே வந்தது.

நான் மல்லுக்கட்டியிருக்கலாம். தெம்பு இல்லை. சர்க்கரை இருக்கிறது, கால் வீங்குகிறது என்றெல்லாம் சொல்லலாம். உண்மை அதில்லை. ஒரே ஆளோடு இத்தனை வருஷம் பேசிப் பேசி வாய் ஓய்ந்துவிட்டது. வந்துபோகிற விருந்தாளிக்குக் காபி போட்டுக் கொடுக்கிற மாதிரி, அவர் சொல்கிற எல்லாவற்றுக்கும் ஒரு "சரி"யைக் கொடுத்துவிடுவது பழக்கமாகிப்போனது.

ராஜிதான் போனில் வழி சொன்னாள்.

"நீ வராண்டாம்மா. வந்தா அப்பா ஒன்ன நிம்மதியா இருக்க விடமாட்டாவ. எட்வின் ஊருக் கோயில்ல நடக்கறத ஸ்டுடியோக்காரங்க யூடியூப்ல நேரடியா விடுதாங்க. டிவியில பாரு."

"நம்ம டிவியில அதெல்லாம் வராதே."

"அதுக்குன்னு ஒரு குச்சி இருக்கும்மா. பின்னால சொருகுனா வரும். நான் வாங்கி அனுப்பவா?"

"வேண்டாம். ஒன் பேரு போட்ட பார்சல் வந்தா வாசல்லயே திருப்பி விட்ருவாவ."

என்னிடம் இருப்பது பட்டன் போன். அதில் பேச மட்டும்தான் முடியும். பக்கத்து வீட்டில் போய்ப் பார்க்கலாம்தான். பெற்ற பிள்ளை கல்யாணத்தை அடுத்தவர் வீட்டு நாற்காலியில் ஒண்டிக்கொண்டு பார்க்க மனசு வரவில்லை. என் வீட்டில், என் கூடத்தில், அவள் கழுத்தில் தாலி ஏறுவதை என் கண்ணால் பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அதனால் பொய் சொன்னேன். கோயில் அபிஷேகம், தேவாரம் எல்லாம் டிவியில் வருகிறதாம், ஒரு குச்சி போட்டால் போதுமாம், தைப்பூசத்துக்கு ஆற்றங்கரைக் கூட்டத்தில் என் கால் தாங்காது, வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அபிஷேகத்துக்காக அல்ல. விசாரிப்பதற்கு ஒரு பொருள் கிடைத்துவிட்டது.

வண்ணார்பேட்டையில் ஒரு கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கடையில் இருந்த தாஜ் முகம்மது பொறுமைசாலி. மூன்று டப்பாக்களை எடுத்து வைத்தார்.

"இதுல 4K வரும், இதுல வராது. உங்க டிவி பழைய டிவி அண்ணாச்சி. சாதாரணக் குச்சியே போதும். பெருசு போட்டாலும் அதே படந்தான் தெரியும்."

"நாளைக்கே டிவிய மாத்துனா?"

"மாத்துவீங்களா?" தாஜ் முகம்மது என்னைப் பார்த்துக் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன்.

இவர் விடவில்லை. குச்சியா பெட்டியா, ரிமோட்டில் பேசினால் புரியுமா, தமிழ் தெரியுமா, உள்ளே எவ்வளவு இடம், சூடாகுமா, டிவியில் இருக்கிற துளையிலேயே கரண்ட் எடுத்துக்கொள்ளுமா. "அதுல எடுத்தா பாதியில அணைஞ்சிரும் அண்ணாச்சி. தனி அடாப்டர்ல போடுங்க" என்றார் தாஜ் முகம்மது. இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "யோசிச்சுச் சொல்லுதேன்" என்று படி இறங்கிவிட்டார். பஸ்ஸில் வரும்போது எனக்கு அழுகை வந்தது. தூசி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தேன்.

பிறகு தினமும் படித்தார். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு போனில் யார் யாரோ எழுதியதை வாசித்து, சாப்பாட்டின்போது எனக்கும் சொன்னார். ஒருத்தன் நல்லது என்கிறானாம், இன்னொருத்தன் ஒரு வருஷத்தில் போய்விட்டது என்கிறானாம். நான் சரி, சரி என்று மோரை ஊற்றினேன். பொங்கல் வந்தது, போனது. ராஜி கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேட்டாள். கடைசியில் எனக்கே பொறுக்கவில்லை. "பூசம் முடிஞ்ச பெறவு வாங்கி என்னத்துக்கு? வேண்டாம், விடுங்க" என்றேன். வேண்டாம் என்றதும் அன்றைக்கே போய் வாங்கி வந்துவிட்டார். தாஜ் முகம்மது முதலில் காட்டிய அதே சாதாரணக் குச்சி.

மாட்டுவது ஒரு தனிப் பாடு. டிவியைச் சுவரோடு ஒட்டி மாட்டியிருப்பதால் குச்சி பின்னால் நுழையவில்லை. டப்பாவில் அதற்கென்றே ஒரு குட்டி வயர் இருந்தது. அது எதற்கென்று தெரியாமல் முதலில் ஓரமாக எறிந்திருந்தார், குப்பையைக் கிளறி நான்தான் எடுத்தேன். எங்கள் வீட்டில் நெட் லைன் கிடையாது. "ரெண்டு பேரு இருக்கற வீட்டுக்கு எதுக்கு லைனு" என்பார். அதனால் தன் போனிலிருந்தே டிவிக்கு நெட்டைக் கொடுத்தார். ரிமோட்டால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பாஸ்வேர்டு போட்டு, ஒரு எழுத்து தப்பாகி, அழித்து, மறுபடி போட்டு, ஒருவழியாக உள்ளே போனதும் அந்தக் குச்சி தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்றது. புதுப்பித்து முடிப்பதற்குள் அவர் போனில் அன்றைக்குள்ள நெட் மொத்தமும் காலி. இருவரும் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் படம் வந்தது. அவர் எனக்கு ஏதோ கோயில் அபிஷேகம் போட்டுக் காட்டினார். பாலும் தயிருமாக ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். அவர் குளிக்கப் போன சமயத்தில் ராஜி சொன்ன ஸ்டுடியோ பெயரை எழுத்து எழுத்தாகத் தேடிப் பழகினேன். வேறு யாருடைய கல்யாணமோ வந்தது.

பூசம் கழிந்த புதன்கிழமை பத்து மணிக்குக் கல்யாணம். அன்று காலையில் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, "ஸ்ரீவைகுண்டம் வர போயி வயலப் பாத்துட்டு வாரேன்" என்றார். வயலைக் குத்தகைக்கு விட்டு எத்தனையோ காலமாயிற்று. அறுப்புக்குக்கூடப் போகிறவர் இல்லை. தேதி அவருக்குத் தெரியும், அதனால்தான் வீட்டில் இருக்க முடியாமல் ஓடுகிறார் என்று எனக்கு விளங்கியது. எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. "பைய போயிட்டு வாங்க" என்றேன். பைக் தெருமுனை திரும்பியதும் கதவைச் சாத்தி, முகம் கழுவி, நல்ல சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு டிவியைப் போட்டேன்.

நெட் இல்லை என்றது. அணைத்துவிட்டுப் போட்டேன். இல்லை என்றது. குச்சியை உருவிச் சொருகினேன். அப்புறம்தான் புத்தியில் உறைத்தது. நெட் அவருடைய சட்டைப் பையில் ஸ்ரீவைகுண்டம் போய்க்கொண்டிருக்கிறது.

அதற்கு மேல் பொய் சொல்ல என்னிடம் தெம்பு மிச்சமில்லை. போன் போட்டேன்.

"எங்கன இருக்கீங்க?"

"ஜங்ஷன்ல. பைக்க ஸ்டாண்டுல விட்டுட்டு நிக்கேன். பஸ் வரல. என்ன?"

"டிவி ஓடல. நெட்டு உங்க போன்லல்லா இருக்கு."

"சாயந்திரம் வந்து போட்டுத் தாரேன்."

"பத்து மணிக்கு வேணும்."

"பத்து மணிக்கு அப்படி என்ன அபிஷேகம்?"

"அபிஷேகமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ராஜிக்குத் தாலி கட்டுதாங்க. அதப் பாக்கத்தான் குச்சி வாங்கச் சொன்னேன். நீங்க வந்தா பாப்பேன். வரலைன்னா நான் பெத்த பிள்ளைக்குத் தாலி ஏறுனத நான் பாக்கல. அவ்வளவுதான்."

அவர் போனை வைத்துவிட்டார். நான் டிவி முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். கோபம்கூட வரவில்லை. சேலையை மாற்றிவிட்டு அரிசி களையலாமா என்று யோசித்தேன்.

பத்து மணியை நெருங்கும்போது பைக் சத்தம் கேட்டது. கதவைத் திறக்கப் போனேன், அவர் உள்ளே வரவில்லை. கூடத்து ஜன்னலுக்கு வெளியே, சுவர் ஓரமாகப் பைக்கை நிறுத்தி அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். டிவியில் நெட் வந்துவிட்டது. போனை ஜன்னலில் வைத்துவிட்டு அவர் எங்கே வேண்டுமானாலும் போயிருக்கலாம். போகவில்லை. நல்ல வெயில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

நான் தேடிப் போட்டேன். கோயில் நிறைய ஆட்கள். முன்வரிசையில் அம்புரோஸும் அவர் சம்சாரம் அமலோற்பவமும். பீடத்துக்கு முன்னால் கோட்டு போட்ட எட்வின் அடிக்கடி கழுத்துப் பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றான். பாட்டு தொடங்கியது, வாசல் கதவைத் திறந்தார்கள், ராஜி வந்தாள். சந்தன நிறப் பட்டு, தலையில் வெள்ளை வலை, கையில் பூச்செண்டு. மெலிந்து போயிருந்தாள். முகத்தைத் தவிர எனக்கு வேறொன்றும் கண்ணில் படவில்லை. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதேன்.

பூசை நீண்டுகொண்டே போனது. சாமியார் தாலியை மந்திரித்து எட்வின் கையில் கொடுக்கிற நேரத்தில் படம் நின்று, நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

"சுத்துது" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னேன்.

பைக் ஸ்டாண்டு முனகியது. ஜன்னல் கம்பிக்கு உள்ளே போனைப் பிடித்த கை நீண்டு வந்தது. ஆள் தெரியவில்லை, கை மட்டும்தான். டிவிப் பக்கம் எவ்வளவு எட்டுமோ அவ்வளவு எட்டி நின்றது. வட்டம் போய்ப் படம் வந்தது. எட்வின் குனிந்து தாலியைக் கட்டினான். அவன் அக்கா பின்னால் நின்று முடிச்சுக்குக் கை கொடுத்தாள். ராஜி தலையை நிமிர்த்தும்வரைக்கும் நான் இமைக்கவில்லை. அந்தக் கையும் அப்படியே இருந்தது.

எல்லாம் முடிந்து ஆட்கள் படம் எடுக்க ஆரம்பித்த பிறகுதான் அவர் உள்ளே வந்தார். சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

துண்டால் கழுத்தைத் துடைத்தார். "கோயிலுக்குள்ள அவள யாரு கூட்டிட்டு வந்து விட்டா? அந்தப் படகுக்காரரா?"

"யாரும் இல்ல. தனியாத்தான் நடந்து வந்தா."

"ஒருத்தருமே இல்லையா?"

"இல்ல."

அவர் ரிமோட்டுக்குக் கை நீட்டினார். கொடுத்தேன். குச்சியைப் பற்றி அத்தனை படித்தவருக்குப் படத்தைப் பின்னால் கொண்டுபோகத் தெரியாமலா இருக்கும்? கதவு திறக்கிற இடத்துக்குப் போனார். பாட்டு தொடங்கியது, ராஜி நடந்து வந்தாள். நாற்காலியை டிவிக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மறுபடியும் கதவுக்கே கொண்டுபோனார்.

"ஏளா, இங்க வா. அவ நடுவுல நடக்கல பாரு."

பார்த்தேன். நீளமாக ஒரு சிவப்புக் கம்பளம். அதன் இடது ஓரமாக நடந்து வருகிறாள். வலது பக்கம் அகலமாகக் காலியாகக் கிடக்கிறது.

"சேலை தடுக்கும்னு ஒதுங்கி நடந்திருப்பா" என்றேன்.

"இல்ல. ஒரு ஆளுக்கு எடம் விட்டு நடக்கா."

அவர் மேல் எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நாளைக்கோ மறுநாளோ வரும், எனக்கு என்னைத் தெரியும். இன்றைக்கு அதற்கும் தெம்பில்லை. உள்ளே போய் வெறுந்தரையில் படுத்தேன். கூடத்தில் அந்தப் பாட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது.