ஒரு கதவுக்கு மட்டும் பெயின்ட்

1

இந்தக் கதை நானாக யோசித்ததல்ல. கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் ஒருவர், என் வண்டியில் விழுந்த கீறலைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்: "நீங்க கதை எழுதுறவர்தானே சார்? எங்கக்காவுக்குப் புத்தி வர்ற மாதிரி ஒண்ணு எழுதுங்க."

அக்காவிடம் ஐம்பது வயதான ஒரு கார் இருக்கிறது. வெளிர்பச்சை. அதாவது, ஒரு காலத்தில். இப்போது பானெட்டில் தகரம் தெரிகிறது. சக்கரங்களுக்கு மேலே துரு ஏறியிருக்கிறது. எத்தனையோ கார்களைக் கண்ணாடி மாதிரி ஆக்கித் தருகிற தம்பி பத்தொன்பது வருடமாகக் கெஞ்சுகிறார். அக்கா மசியவில்லை. "உங்கக்கா வண்டியா அது?" என்று வாடிக்கையாளர்கள் கேட்கும்போதெல்லாம் அவருக்கு மானம் போகிறது.

2

முதல் தொடக்கம்: 'அந்தக் காரின் ஒவ்வொரு கீறலிலும் அப்பாவின் நினைவு…'

"அப்பா சைக்கிள்தான் சார் வச்சிருந்தார். இது அக்கா சொந்தமா வாங்கினது."

இரண்டாவது: 'நாளெல்லாம் லேபில் குறையில்லாத பல்செட்டுகளைச் செய்பவளுக்கு, குறையுள்ள ஒன்று தேவை…'

(அடித்துவிட்டேன். அக்கா பல்செட் செய்பவர் என்பது உண்மைதான். அதற்காக இப்படியா?)

காரணமில்லாத பிடிவாதத்தை வைத்துக்கொண்டு கதை எழுத முடியாது. அக்காவையே கேட்டு வரச் சொன்னேன். தம்பி தலையைச் சொறிந்தார். அக்கா பேசி இரண்டு மாதமாகிறதாம். இதை முதலிலேயே சொல்லித் தொலைப்பதற்கென்ன?

3

நடந்தது இதுதான். வெளியூரில் நாலு நாள் பயிற்சிக்குப் போன அக்கா, பிரேக்கைப் பார்க்கச் சொல்லி வண்டியைத் தம்பியின் ஷெட்டில் விட்டிருந்தார். பிரேக்கைப் பார்த்த தம்பியின் கை சும்மா இருக்கவில்லை. டிரைவர் பக்கக் கதவை மட்டும் தேய்த்து, புத்தம் புதுப் பச்சை அடித்தார். ஒரு கதவைப் பார்த்தால் மீதிக்கும் சம்மதிப்பாள் என்று கணக்குப் போட்டார்.

அந்தக் கதவின் மேல்விளிம்பில், அக்கா முழங்கை வைத்து வைத்துப் பெயின்ட் போன ஒரு வழுவழுப்பு இருந்தது. அதுவும் போயிற்று.

அக்கா வந்து, அந்த விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

"பிரேக் பார்த்தியா?"

"பார்த்தேன்க்கா."

"அதை மட்டும்தானே கேட்டேன்."

ஏறிப் போனவர்தான். போனை எடுப்பதில்லை.

(அக்காவைத் திருத்தக் கதை கேட்டவர், திருந்த வேண்டியவர் தான்தான் என்பதைக் கதை கேட்ட மூன்றாம் நாள்தான் சொல்கிறார். எழுதிய நாலு பக்கமும் வீண்.)

4

தம்பி ஒரு காரியம் செய்தார். ஷெட்டில் கிடந்த வேறொரு கதவை எடுத்துப் போட்டு, பழசு மாதிரியே பெயின்ட் அடிக்க முயன்றார். எந்த நிறத்தையும் ஒரு பார்வையில் கலந்துவிடுகிறவர் அவர். மூன்று நாள் சாம்பல் கலந்தார், உப்புத்தாள் போட்டார், பஞ்சால் ஒற்றினார். அழுக்குப் பிடித்த கதவு கிடைத்தது, வெயில் தின்ற கதவு கிடைக்கவில்லை. 'தன் வாழ்நாளில் முதல்முறையாக அவர்…'

(வேண்டாம். அவருக்கு எரிச்சல்தான் வந்தது. எனக்கும்.)

ஞாயிறு காலை அந்தக் கதவையே தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார்.

"இது மாதிரி அடிச்சுத் தரட்டுமா?"

அக்கா பார்த்தார். சிரிப்பு வந்தது; கோபம் அதற்காக முழுசாகப் போய்விடவில்லை.

"நீ என் வண்டியை எப்பவாவது ஓட்டியிருக்கியாடா?"

"ஷெட்டுக்குள்ள எடுத்து நிறுத்தியிருக்கேன்."

"அது ஓட்டுறதா? ஏறு."

5

ஸ்டியரிங் தாம்பாளம் அகலம். கியர் அதன் பக்கவாட்டில். முதல் இரண்டு தெரு தம்பி திட்டிக்கொண்டே ஓட்டினார்: கதவு ஆடுகிறது, சீட்டு குத்துகிறது. ஏரிக்கரைச் சாலையில் மூன்றாவது கியர் விழுந்ததும் எஞ்சின் சத்தம் இறங்கி, வண்டி மிதக்கிற மாதிரி போனது. ஒருவன் உரசுகிற மாதிரி ஒட்டி முந்தினான். பெயின்டர் கண்டுகொள்ளவில்லை. இன்னொரு கீறல் விழுந்தால்தான் என்ன? பளபளக்கும் வண்டிகளைப் பயந்து பயந்தே ஓட்டிப் பழகியவருக்கு அது புதிது.

வீட்டுக்குத் திரும்ப வேண்டிய வளைவு வந்தது. அவர் நேராகப் போனார்.

"எங்கடா போறே?"

"இரேன்க்கா, சும்மா."

6

இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் அக்கா மீதி வண்டிக்கும் பெயின்ட் அடிக்கச் சம்மதிக்கிறார். இன்னொன்றில் தம்பி வேறொரு பழைய கதவைத் தேடிப்பிடித்து மாட்டுகிறார். இருவரும் இரண்டையும் கெடுத்துவிட்டார்கள். மதியம் தாண்டித் திரும்பி வந்து இறங்கியதும் தம்பி கேட்டாராம்:

"இந்தக் கதவை என்னதான்க்கா பண்றது?"

"ஒண்ணும் பண்ணாத. வெயில்ல நிக்கட்டும்."

வெயில் தன் வேலையை முடிக்க வருடக்கணக்காகும். அதுவரை பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க என்னால் ஆகாது. எங்காவது அந்தக் காரைப் பார்த்தால், கதவு எவ்வளவு வெளுத்திருக்கிறதென்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டுகிறவர் அக்காவா தம்பியா என்பதையும்.